அராசெலி நடந்து போன சத்தம்

ஆற்றங்கரைப் பேட்டையான திரியானாவில் பிறந்து, திரியானாவிலேயே வளர்ந்து, நாற்பத்தாறு வயது வரை ஒரு தடவைகூட ஆடாத பெண் யாரென்று தேடினால் அராசெலி ஒருத்திதான் அகப்பட்டிருப்பாள். ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே குதிகாலைத் தட்டவும் பழகிவிடும். ஏப்ரல் திருவிழாவில் பந்தலுக்குப் பந்தல் பெண்கள் எழுந்து ஆடுவார்கள். அராசெலி மட்டும் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவாள். அவளுடைய கைத்தட்டலுக்கு அந்தப் பேட்டையில் நல்ல பேர். பாடுகிறவன் தடுமாறினாலும் அவள் உள்ளங்கை தடுமாறாது.

அவளுடைய இடது கால் வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. பிறக்கும்போதே இடுப்பெலும்பு விலகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் வரிசை கட்டி, அவளைப் போலவே சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டினார்கள். அதற்குப் பிறகு ரப்பர் அடி வைத்த செருப்பைத் தவிர வேறெதையும் அவள் போட்டதில்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரிவதை ஒன்றும் செய்ய முடியாது. காதுக்காவது தெரியாமல் போகட்டும் என்று நினைத்தாள்.

அவளை ஆட்ட வகுப்புக்கு இழுத்தவள் ரேயெஸ். திரியானா சந்தையில் அராசெலிக்கு ஆலிவ் ஊறுகாய்க் கடை, எதிரே ரேயெஸுக்கு மீன் கடை. பதினெட்டு வருஷமாக ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழித்துத்தான் வியாபாரம். ரேயெஸுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்காவிட்டால் ஆபத்து என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். பக்கத்துத் தெருவில் சலூத் என்பவள் அக்டோபரில் புதியவர்களுக்குக் குதிகால் தட்டி ஆடும் ஃபிளமெங்கோ வகுப்பு தொடங்குகிறாள் என்று கேள்விப்பட்டு, ரேயெஸ் தன் பேரோடு அராசெலியின் பேரையும் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

“ஒன்ன கேட்டா வேணாம்பே. அதான் கேக்கல,” என்றாள், அராசெலியின் தட்டிலிருந்து ஒரு ஆலிவை எடுத்து வாயில் போட்டபடி.

இரண்டு நாள் அராசெலி அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், உப்புத் தண்ணீரில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, ஷூ போட்டுத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டாள். அப்போதே ரேயெஸுக்கு விஷயம் முடிந்துவிட்டது.

சலூத் கறாரான பேர்வழி. வாங்க வேண்டியதை வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லியனுப்பியிருந்தாள். ஷூ தோலாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. ஹீல்ஸ் அகலமாக, நிலையாக இருக்க வேண்டும். சத்தம் எழும்ப முன்பக்கமும் குதியிலும் ஆணி, மேலே ஒரு வார். கையுறை மாதிரி காலைப் பிடிக்க வேண்டும், ஆனால் விரல் மடங்கக் கூடாது. பாவாடை இடுப்பில் படிந்து முழங்காலுக்குக் கீழே விரிய வேண்டும். கணுக்காலைத் தாண்டினால் தடுக்கிவிடும். பொட்டுப் பொட்டாகப் போட்ட துணியோடு யாரும் வர வேண்டாம், அது திருவிழாவுக்கு.

திங்கட்கிழமை மீன் கிடையாது. ஞாயிறன்று படகுகள் தூங்குவதால் ரேயெஸுக்கு அன்றுதான் ஓய்வு. செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, அராசெலி சித்தி மகளைக் கடையில் உட்காரவைத்துவிட்டு வர, இருவரும் பாலம் தாண்டிப் போனார்கள். நகரத்து நடுவில் தெருக்களுக்கு மேலே கூரைக்குக் கூரை வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். வெயில் அதில் வடிந்து, பால் கலந்த தண்ணீர் போல இறங்கியது. அதற்குள் ஆட்கள் ஆற்றின் அடியில் நடப்பவர்களைப் போல மெதுவாக நடந்தார்கள். அராசெலிக்கு ராத்திரியிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதே யாரோ சொன்ன கதையாகத் தோன்றியது.

கடையில் ரேயெஸ் முதலில் எடுத்தது மூன்று அடுக்குப் பிரில் வைத்த சிவப்புப் பாவாடை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, எப்படி என்று கேட்டாள்.

“கல்யாண கேக் எழுந்து நடந்து வந்த மாதிரி இருக்கு,” என்றாள் அராசெலி.

ரேயெஸ் கண்ணாடியைப் பார்த்தாள், சிரித்தாள், மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டுக் கறுப்பில் ஒற்றைப் பிரில் வைத்ததை எடுத்துக்கொண்டாள்.

அராசெலி எடுத்தது திராட்சை மதுவின் நிறத்தில் ஒன்று. திரைக்குள்ளே அதைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. குறுகிய அறை, உயரமான கண்ணாடி. அவள் திரும்பினால் பாவாடை ஒரு கணம் யோசித்துவிட்டுப் பிறகு திரும்பியது. நின்றால் அது உடனே நிற்கவில்லை, ஓரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது. இடுப்புக்குக் கீழே கால் என்று எதுவுமே இல்லை, துணி மட்டும்தான். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண்ணாடியில் நிற்பவள் மேல் மரியாதையே வந்துவிட்டது. எந்த ஊர்க்காரியோ, எதற்காக நிற்கிறாளோ என்று நினைத்தாள்.

ஷூவில்தான் கனவு கலைந்தது. கடைப்பெண் முழந்தாளிட்டு இரண்டு கால்களிலும் மாட்டி வாரைப் பூட்டினாள். பக்கத்தில் சதுரமாக ஒரு பலகை போட்டிருந்தது. எழுந்து அதில் நடந்து பாருங்கள் என்றாள். வேறு இரண்டு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அராசெலி எழவில்லை. இறுக்குகிறது என்றாள். அடுத்த அளவு வந்தது. அதுவும் இறுக்குகிறது என்றாள். அதற்கும் அடுத்தது வந்தது. கடைப்பெண் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போனாள்.

ரேயெஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ரெண்டு நம்பர் பெருசும் இறுக்குதா? கால் என்னடி, தண்ணியில போட்ட கொண்டக்கடலையா?”

அராசெலி குனிந்து ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எழுந்தா கேக்கும் ரேயெஸ்,” என்றாள்.

ரேயெஸ் எழுந்து போய்க் கடைப்பெண்ணிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அளவெடுத்துக் காலுக்குத் தகுந்தபடி செய்கிற ஒருத்தி இருக்கிறாளாம், பேர் லொரேத்தோ. விலாசத்தைப் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரியானாவில், சந்தைக்குப் பின்னால், மூன்றாவது தெரு.

லொரேத்தோ அறுபதை நெருங்கியவள். உதட்டிடுக்கில் ஆறேழு ஆணிகளைக் கடித்தபடியே பேசுவாள். அராசெலியைக் காலுறையோடு ஒரு பழுப்புத் தாளில் நிற்கச் சொல்லி, பென்சிலால் ஒவ்வொரு பாதத்தையும் சுற்றி வரைந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, தக்காளி பொறுக்குகிறவளைப் போல இரண்டு பாதங்களையும் மாறி மாறி அமுக்கிப் பார்த்தாள். எங்கே வலிக்கும், சாயங்காலம் எந்தக் கால் வீங்கும், மாடிப்படியில் எதை முதலில் வைப்பாய் என்றெல்லாம் கேட்டாள். அராசெலி பயந்து காத்திருந்த கேள்வி ஒன்று மட்டும் வரவேயில்லை. கடைசியில் தானே கேட்டாள், இந்தக் காலோடு ஆட முடியுமா என்று.

லொரேத்தோ ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள். “பேரெடுத்த ஆட்டக்காரிங்க காலெல்லாம் இந்தத் தாள்ல நின்னுருக்கும்மா. ரெண்டும் ஒண்ணா இருந்த ஜோடிய நான் இன்னும் பாக்கல. ஒனக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆடுறது முடியுமா முடியாதான்னு சலூத்கிட்ட கேளு. நான் செருப்பு தைக்கிறவ.”

மூன்று வாரம் ஆகும் என்றாள். அந்த மூன்று வாரமும் அராசெலி தன் புருஷனிடம் மூச்சுவிடவில்லை. எலாதியோவுக்குச் சின்ன வயதிலேயே கண் போய்விட்டது. பாலத்து முனையில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கான பெட்டிக்கடையில் லாட்டரிச் சீட்டு விற்கிறான். மூன்று மணிக்குச் சந்தை மூடியதும் அவள் நேரே அங்கே போவாள்; அவன் கடையைப் பூட்டிவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொள்வான்; இருவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். அவனிடம் சொல்லிவிட்டு நாளை அவள் பின்வாங்கினால் அவன் கேலி செய்ய மாட்டான், வருத்தப்படுவான். கேலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

அக்டோபர் முதல் திங்கட்கிழமை, காலையிலிருந்தே சித்தி மகளைக் கடையில் விட்டுவிட்டு, மதியம் இரண்டு மணிக்குமேல் அராசெலி பாவாடையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு லொரேத்தோவிடம் போனாள். பாவாடை எங்கே முடிகிறது, ஷூ எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும், கொண்டு வா என்று அவள் சொல்லியிருந்தாள். ஷூ கறுப்பு நிறம், மெல்லிய வார். மேலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான். பக்கவாட்டில் பார்த்தால்தான் இடது ஷூவின் ஹீல்ஸ் உயரம் என்று தெரியும். உள்ளேயும் ஒரு தோல் மெத்தை தைத்திருந்தாள். இரண்டின் அடியிலும் ஆணித்தலைகள் நெருங்கி நெருங்கி மின்னின. அராசெலி பாவாடையைப் போட்டுக்கொண்டதும் லொரேத்தோ வாரைப் பூட்டிவிட்டு, சுவரோரம் நீளமாகப் போட்டிருந்த மரப்பலகையைக் காட்டினாள். காட்டியதும் முதுகைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

அராசெலி பலகையில் ஏறினாள். நடந்தாள்.

அறையில் வேறு யாரோ நடக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தாள். அவள் நின்றதும் சத்தம் நின்றது. மறுபடி நடந்தாள். டக், டக், டக், டக். ஒவ்வொன்றும் அதற்கு முன்னதைப் போலவே கனமாக, அதே இடைவெளியில் விழுந்தது. இடுப்பு சாயவில்லை. சுவரில் தொங்கிய, ஷூ செய்கிற மர அச்சுகள் சாயவில்லை. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்த உலகம் சமமாக நின்றது. அவளுக்குத் தலை சுற்றியது. பலகை முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெருவில் போட்டு நடந்தால் ஆணி தேய்ந்துபோகும், கழற்றிக்கொண்டு போ என்றாள் லொரேத்தோ. சரி என்றாள் அராசெலி. தலையை ஆட்டியபடியே, பழைய செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, பாவாடையோடும் ஷூவோடும் தெருவில் இறங்கிவிட்டாள்.

மதியத் தூக்கத்துக்கு ஊர் அடங்கும் நேரம். ஜன்னல் தட்டிகள் இறங்கியிருந்தன. ஆரஞ்சு மரங்களின் நிழல் அவற்றின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. அந்த நிசப்தத்தில் கல் பாவிய தெரு முழுவதும் அவளுடைய சத்தம் ஒன்றுதான். அது சுவரில் மோதித் திரும்பி வந்து அவளுக்கு முன்னால் நடந்தது. ஏதோ வீட்டு மாடியில் தட்டி ஓர் அங்குலம் உயர்ந்து யாரோ பார்த்துவிட்டு மறுபடி இறக்கினார்கள். பாவாடை முழங்காலுக்குக் கீழே உரசி உரசி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தது. தான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறோமா என்று அவளுக்கு ஐயமாக இருந்தது. ரொட்டிக்கடை முனை திரும்பி, எலாதியோவின் பெட்டிக்கடை முன்னால் போய் நின்றாள்.

அவன் முகத்தை நிமிர்த்தினான்.

“வாங்கம்மா. என்ன நம்பர் வேணும்?”

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் முகத்தில் இருந்தது வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருக்கும் மரியாதையான புன்னகை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் புன்னகை அவள் பக்கம் திரும்பியதில்லை. அவளுடைய வழக்கமான உப்பு, பூண்டு வாசனையும் அன்று இல்லை. புதுத் தோலும் பசையும்தான் மணந்தன. சீட்டு வரிசையைப் பார்ப்பவளைப் போலக் குனிந்தாள்.

“ஊருக்குப் புதுசுங்களா? மெதுவா பாத்து எடுங்க, அவசரமில்ல,” என்றான் அவன். “என் வீட்டுக்காரி வர்ற நேரம். அவ வந்தாத்தான் மூடுவேன்.”

அவள் ஒரு நாணயத்தைப் பலகையில் வைத்தாள். அவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினான். பேசாத ஆட்களிடம் அவன் கொஞ்சம் அதிகமாகப் பேசுவான்.

“நல்ல நட உங்களுக்கு. கடிகாரம் மாதிரி வந்தீங்க. என் வீட்டுக்காரி அப்பிடி இல்ல. ஒரு அடி வெப்பா, கொஞ்சம் யோசிப்பா, அப்பறம் அடுத்த அடி. ரப்பர் செருப்பு போட்டா யாருக்கும் கேக்காதுன்னு அவளுக்கு நெனப்பு. அந்த ரொட்டிக்கட முக்கு திரும்பும்போதே எனக்குக் கேட்டுரும். நான் சொன்னதில்ல. சொன்னா அதுக்கும் ஒரு செருப்பு தேடுவா.”

அராசெலி சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். எங்கே போகிறோம் என்று பார்க்கவில்லை. பாலத்தின் நடுவுக்கு வந்து நின்ற பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. கீழே ஆறு அசையாமல் கிடந்தது. புருஷனுக்கே அடையாளம் தெரியாத ஒருத்தி இப்படியே அந்தக் கரைக்குப் போய்விடலாம், ரயிலேறலாம், வேறு ஊரில் வேறு பேர் சொல்லிக்கொண்டு நேராக நடந்து திரியலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் தேடுகிறவர்கள் நொண்டி நடக்கிற ஒருத்தியைத்தான் தேடுவார்கள். அந்த எண்ணம் சிறிது நேரம் வெயிலைப் போல உடம்பெங்கும் இதமாகப் பரவியது. பிறகு பயம் வந்தது. அவன் கடையை மூடாமல் உட்கார்ந்திருப்பான்.

வாரைக் கழற்றினாள். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுகிற கல்லில் வெறுங்காலோடு திரும்பி வந்தாள். ரொட்டிக்கடை வரை வளைந்து போகவில்லை, பாலத்திலிருந்து நேரே வந்தாள். இருந்தும், இன்னும் இருபது அடி இருக்கும்போதே எலாதியோ சாவியை எடுத்துவிட்டான்.

“இன்னிக்கி என்ன அந்தப் பக்கமிருந்து வர்றே? செருப்பு எங்க?” என்றான்.

அவள் பலகையில் சாய்ந்துகொண்டாள். இப்போது யாராவது வந்தார்களா என்று கேட்டாள். வந்தாள் ஒருத்தி, வெளியூர்க்காரி போலிருக்கிறது, வாயே திறக்கவில்லை என்றான். அவள் நடை எப்படி இருந்தது என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு.” அவன் சற்று யோசித்தான். “ஆனா கூட நடக்கணும்னு தோணல.”

அராசெலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சீட்டை அவன் கையில் வைத்தாள், ஷூ இரண்டையும் அதன்மேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்: ரேயெஸ், சலூத், எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்த கடை, ஆணி கடித்த லொரேத்தோ, பாலத்தில் வந்த நினைப்பு உள்பட.

அவன் ஷூக்களைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உள்ளங்கையை அவற்றின் குதியில் கிடத்தினான். கை ஒரு பக்கம் சரிந்தது. சரிவைப் புரிந்துகொண்டான். ஆணித்தலைகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். அவளை அடையாளம் தெரியாமல் போனதில் அவனுக்கு வெட்கமாக இருந்தது. காதுமடல் சிவந்திருந்தது.

“போட்டுக்கோ. முக்கு வரைக்கும் நடந்து வா,” என்றான்.

“ஆணி தேஞ்சிரும்கிறா லொரேத்தோ.”

“தேயட்டும். நான் கத்துக்கணும்ல?”

அவள் போட்டுக்கொண்டு ரொட்டிக்கடை வரை போய் வந்தாள். அவன் பெட்டிக்கடைக்கு வெளியே வந்து தலையைச் சாய்த்து நின்றான். இன்னொரு தடவை என்றான். மூன்றாவது தடவை அவள் பாதி வழி வரும்போதே கையை உயர்த்தி நிறுத்தினான்.

“எடது கால இன்னும் நீ நம்பல. தண்ணியில வைக்கிற மாதிரி வைக்கிற. பாவாட அந்தப் பக்கம் கொஞ்சம் முந்தி உரசுது. சரி, தெரிஞ்சு போச்சு. நீதான்.”

பூட்டிவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் தோள் இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. முதலில் அவன் கை அதைத் தேடி வழக்கமான உயரத்தில் அவள் புஜத்தைத் தொட்டது. அதற்கும் பழகிக்கொள்ள வேண்டும் என்று முணுமுணுத்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வகுப்பு. மாடியில் நீள அறை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மேற்கு ஜன்னலில் தேன் நிற வெளிச்சம். பதினோரு பெண்கள். சலூத் ஒல்லியாக, பேச்சைச் செலவழிக்காதவளாக இருந்தாள். அரைமணி நேரம் வெறுமனே நிற்கச் சொன்னாள். பிறகு பாவாடையைப் பிடிப்பது எப்படி என்று காட்டினாள். தெருவில் மழைத்தண்ணீர் நிற்கிறது, ஓரம் நனையக் கூடாது, கால் எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும் என்றாள். மற்றவர்கள் தூக்கினார்கள். ரேயெஸ் முழங்காலுக்குமேல் தூக்கிவிட, “ஒனக்கு மட்டும் வெள்ளமா?” என்று கேட்டாள் சலூத்.

சிரிப்பு அடங்கிய பிறகும் அராசெலியின் கை பாவாடையைப் பிடித்தபடி இருந்தது, உயரவில்லை. துணி வாங்கிய அன்று அவளை மயக்கியதே காலை மறைத்த அழகுதான். சலூத் வரிசையைப் பார்த்தபடி வந்தாள், அவளிடம் நிற்காமல் கடந்து போனாள். அவசரப்படுத்தவில்லை. அராசெலி மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினாள். கண்ணாடியில் இருபத்திரண்டு கால்கள். அவற்றில் ஒன்றின் ஹீல்ஸ் மட்டும் உயரம்.

பக்கத்தில் நின்ற மருந்துக்கடைப் பெண்ணின் பார்வை அங்கே போனது. அராசெலி காத்திருந்தாள். அந்தப் பெண் குனிந்து நன்றாகவே பார்த்துவிட்டு, “யாரு செஞ்சு குடுத்தாங்க? எனக்கும் எடது பக்கம் இடுப்பு மூட்டு மாத்தினதிலேர்ந்து எந்த ஷூவும் சரிப்படல,” என்றாள் மெல்ல. அராசெலி விலாசம் சொன்னாள்.

அதற்குப் பிறகு காலைத் தட்டச் சொன்னாள் சலூத். தட்டினார்கள். பதினோரு பேரும் பதினோரு விதமாகத் தட்ட, மூட்டை அவிழ்ந்து உருளைக்கிழங்கு மாடிப்படியில் உருண்டது போல அறை அதிர்ந்தது. கையில் ஒருநாளும் தப்பாத தாளம் அராசெலியின் காலில் நான்காவது அடியிலேயே தப்பியது. கைக்குத் தெரிந்ததைக் கால் கேட்டதேயில்லை போலிருந்தது; அறிமுகமே இல்லாத இரண்டு பேர். அவள் நின்று, எண்ணி, தொடங்கி, மறுபடி தப்பவிட்டாள். கெண்டைக்கால் இழுத்தது. நெற்றி வேர்த்துக் கண்ணில் இறங்கியது. ரேயெஸ் சுவரில் சாய்ந்து, மீன் வெட்டுவதே மேல் என்றாள்.

வெளிச்சம் கண்ணாடியை விட்டு மெல்ல இறங்கித் தரைப்பலகைக்கு வந்தபோது, இன்றைக்கு இது போதும், வேண்டுமென்கிறவர்கள் இன்னொரு முறை தட்டலாம் என்றாள் சலூத். பலர் வாரைக் கழற்றக் குனிந்துவிட்டார்கள். அராசெலி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறையின் நடுவுக்கு வந்தாள்.